பேச்சியின் இடது கையும் உன் வாயும்

ஜெபா,

நீ அனுப்பிய வீடியோவை அப்பாதான் தன் போனில் திறந்து காட்டினார். சென்னையில் ஏதோ ஒரு பெரிய ஹாலில், கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். பள்ளிக்கூடங்களில் குழந்தைகளைக் குழுவாக உட்காரவைத்து ஆக்குபேஷனல் தெரபி கொடுப்பது எப்படி என்று பேசுகிறாய். நன்றாகத்தான் பேசுகிறாய். நடுவில் ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்தி, "எங்க ஊர்ப் பக்கம் ஒரு சிறுமி. பிறந்ததிலிருந்து இடது கையை உபயோகிக்காதவள். ஒருநாள் என் குழுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காகிதத்தை உருட்டினாள்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பழைய வீடியோவையே திரையில் ஓட்டினாய். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கதையப் பாதியில நிப்பாட்டிட்டானே" என்றேன். "விடு, கல்யாணப் பையன்" என்றார். அவருக்கு எதையும் விடத் தெரியும். எனக்கு இந்த வயது வரை அது வரவில்லை. வீடியோவுக்குக் கீழே "அம்மா, பார்த்துட்டு சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன். நீ மேடையில் சொன்னதால் நான் இந்தப் பத்திரிகையில், அச்சில் சொல்கிறேன்.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே இருக்கும் எங்கள் தொடக்கப் பள்ளியை உன்னைப்போல என்னாலும் படம் பிடித்துக் காட்ட முடியும். விடிந்தும் விடியாமலும் பட்டாசு கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். அம்மாக்கள் ஏறிப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒன்று விட்டு ஒன்று போட்டுக்கொண்டு வந்து சேர்வார்கள். அவர்களில் சிலருக்குப் பொத்தான் போடவே வராது. பென்சில் பிடிக்க வராது, வரிசையில் நிற்க வராது, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பிட, உடுத்த, எழுத, நாலு பேரோடு சேர்ந்து இருக்கப் பழக்குவதுதான் உன் படிப்பு என்று நீ சொன்னபோது, தேவன் என் பள்ளிக்கூடத்துக்காகவே உன்னைப் படிக்கவைத்தார் என்று நம்பினேன். ஒப்பந்த வேலைதான், ஊர் ஊராகப் பள்ளிக்குப் போகவேண்டியதுதான். ஆனாலும் வியாழக்கிழமை எங்கள் பள்ளி உனக்கு ஒதுக்கப்பட்டபோது நான் கேசரி கிண்டினேன்.

உன் முதல் வியாழக்கிழமையை அந்த ஹாலில் இருந்தவர்களிடம் நீ சொல்லவில்லை. அதைச் சொன்னால் குறைச்சல் இல்லை, சொல்லியிருக்கலாம். ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தாய். பிசைவதற்கு வண்ண மாவு, குத்திவைக்க வண்ணக் குச்சிகள், பளபளவென்று அட்டைகள். கல்லூரியில் உனக்கு ஒரு அறையில் ஒரு குழந்தையோடு உட்காரத்தான் பழக்கியிருந்தார்கள். இங்கேயும் அதையே செய்தாய். ஒரு பிள்ளை முன்னால் மண்டியிட்டு அதன் விரலைப் பிடிப்பாய். அதற்குள் மற்றதெல்லாம் எழுந்து ஓடும். ஒருத்தன் மாவைத் தின்றான். ஒருத்தி குச்சிகளை எல்லாம் பாவாடையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். நீ ஒரு கோழிக்குஞ்சைப் பிடிக்கப் போய் மற்றதை எல்லாம் தவறவிட்டவன் மாதிரி வகுப்பின் நடுவில் நின்றாய். பக்கத்து வகுப்பிலிருந்து நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாய்.

ஆனால் நீ கற்றுக்கொண்டாய். அதை மறுக்கமாட்டேன், கோபத்திலும் மறுக்கமாட்டேன். அடுத்தடுத்த வாரங்களில் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாய். முதலில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னாய். வேண்டுமென்றேதான். கனமான வேலை செய்தால் ஓடுகிற உடம்பு அடங்கும் என்று எனக்கு விளக்கினாய். பிறகு வட்டமாக உட்கார்ந்து, எப்போதும் ஒரே கைதட்டுப் பாட்டு. பிறகு இரண்டு பேர் சேர்ந்தால் மட்டுமே முடிகிற ஒரு வேலை. முடிவில் அதே பாட்டு. "குரூப்னா நான் நடுவுல நிக்கக்கூடாதும்மா. அதுக என்னையப் பாக்கக்கூடாது, ஒண்ணையொண்ணு பாக்கணும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய். ஒரு பிள்ளை வராவிட்டால் அதன் இடத்தை நெருக்கி அடைத்துவிடக்கூடாது, காலியாகவே விடவேண்டும், அப்போதுதான் மற்ற பிள்ளைகள் அது எங்கே என்று கேட்கும் என்றும் சொன்னாய். அது எந்தப் புத்தகத்தில் இருந்ததோ, நீயாகக் கண்டுபிடித்ததோ தெரியாது. எனக்கு அன்றைக்கு உன்னை நினைத்துத் தலைகால் புரியவில்லை.

அந்த வட்டத்தில்தான் பேச்சியம்மாள் இருந்தாள். அவளைப் பற்றி இங்கே எழுதுவதற்கு அவள் அம்மா சங்கரேஸ்வரியிடம் கேட்டேன். நீ வீடியோ எடுத்துப் போட்டபோது யாரிடமும் கேட்கவில்லை. "எழுதுங்க டீச்சர். எம் பேரையும் சேத்தே போடுங்க" என்றாள். பேச்சி அப்போது இரண்டாம் வகுப்பு. பிறக்கும்போதே இடது பக்கம் சுணங்கிய பிள்ளை. அந்தக் கையை மடியில் போட்டு, அதன்மேல் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டுதான் உட்காருவாள். உன் மாவுக்கும் குச்சிக்கும் அந்தக் கை வெளியே வரவில்லை. பிறகு அப்பா தன் அச்சகத்திலிருந்து, நிறம் ஒட்டாமல் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். நீ அதை வைத்துக் காகிதக் குழல் உருட்டச் சொன்னாய். ஒருவர் பிடிக்க, ஒருவர் உருட்ட, மைதா பசை தடவி ஒட்டவேண்டும். பேச்சிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் உன் கைக்குள் வைத்து உருட்டிக் காட்டினாய். வாரா வாரம் காட்டினாய். ஒரு வியாழக்கிழமை அந்த இடது கை தானாகப் பாவாடைக்குள்ளிருந்து வந்து தாளின் ஓரத்தை அமுக்கிப் பிடித்தது. நான் என் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தேன். நீ அழுதாய். நானும்தான்.

அன்றைக்கே சொன்னேன். "ஏலே, கை வந்துருச்சு, சந்தோசம். இனி வேற ஏதாச்சும் குடு. இந்த ஊருல குழல் உருட்டுறது விளையாட்டு இல்ல." சொல்லும்போதே நீ சிரித்தாய். இரண்டு கையும் ஒருங்கிணைவது பற்றி இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ காகிதம் உருட்டினால் அது கைவேலை, நம் பக்கத்தில் அது பட்டாசு மருந்து அடைக்கிற குழல். இங்கே ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் 'குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் எத்தனை வருடத்துப் பழி இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நீ ஊர்க்காரனாக இல்லை. வீடியோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாய். முகம் தெரியவில்லை, கைகள்தானே என்றாய். சின்னக் கைகள், காகிதக் குழல், பின்னால் பள்ளிக்கூடச் சுவர். யாரோ அதை எடுத்து, 'ஊனமுற்ற பிள்ளைகளை வைத்துப் பள்ளியிலேயே பட்டாசு வேலை' என்று எழுதி அனுப்ப, ஒரே நாளில் அது எல்லா குரூப்பையும் சுற்றி வந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் நீ, நான், அவர். சங்கரேஸ்வரியைப் பாதி வேலையில் கூப்பிட்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். "பிள்ளைக்கு இத யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்கள். சாதாரணக் கேள்வி. நான்தான், இது பயிற்சி, இதோ காரணம் என்று சொன்னால் கொஞ்சம் திட்டு விழுந்திருக்கும், ஒரு விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள். நீ என்ன சொன்னாய்? "அவளுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கு சார். வீட்ல பழகியிருக்கா. நான் அத தெரபிக்குப் பயன்படுத்திக்கிட்டேன்." எவ்வளவு நேர்த்தியாக வந்தது உனக்கு அந்தப் பொய்! சங்கரேஸ்வரி கம்பெனியில் மத்தாப்புப் பெட்டி அடுக்குகிறவள். குழல் பக்கமே போனதில்லை. வேலையை வீட்டுக்கு எடுத்து வந்ததும் இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் பட்டாசு வேலையில்தான், ஒரு வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தார் என்பதால், காகிதச் சுருள் ஒன்றுகூட அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று வைத்திருந்தாள். அது உனக்கும் தெரியும். அவளே உன்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் பேசினேன். "சார், அவன் சொல்றது பொய். அவன்தான் பிள்ளை கையப் புடிச்சு சொல்லிக்குடுத்தான். நான் பாத்தேன்." தலைமையாசிரியர் என் கையைப் பிடித்து அமுக்கி, "டீச்சர், சும்மா இருங்க" என்றார். வந்தவர், "அம்மா மகன் சண்டைய வீட்டுல வச்சுக்கங்க" என்று முடித்துவிட்டார். உன் பொய் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பள்ளிக்கு வசதி, வந்தவர்களுக்கு வசதி, உன் வேலைக்கு வசதி. வசதியில்லாமல் போனது வாசலில் நின்றவளுக்கு மட்டும்தான். இப்படிச் சந்தேகம் விழுந்த ஆளை வைத்திருந்தால் லைசென்சுக்கு ஆபத்து என்று கம்பெனியில் அவளை நிறுத்திவிட்டார்கள், அதுவும் தீபாவளி சீசன் நேரத்தில். அவள் பேச்சியைப் பள்ளியிலிருந்தே எடுத்துவிட்டாள். வியாழக்கிழமைக் குழு நின்றது. நீ சென்னைக்கு மாறிப் போனாய். போகும்போது, நான் உன்னை அதிகாரிகள் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று என்னோடு பேசாமல் போனாய். அப்பாவுக்கு மட்டும் டாட்டா காட்டினாய்.

நீ பயந்தாய் என்று எனக்குத் தெரியும். முதல் வேலை, பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். பயந்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் தெளிந்த பிறகும் நீ வாய் திறக்கவில்லையே, அதற்குத்தான் கோபம். அதைவிடப் பெரிய கோபம், அவள் கையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போய் மேடையில் காட்டிக் கைதட்டு வாங்கினாயே, அதற்கு. 'என் குழுவில்' என்று சொன்னாய். அதிகாரிகள் கேட்டபோது அந்தக் கை அவள் வீட்டுக் கை. ஹாலில் இருந்தவர்கள் கேட்டபோது உன் குழுவின் கை. உனக்கே கூச்சமாக இல்லையா? நீ ஐந்தாவது படிக்கும்போது சண்டே ஸ்கூல் நாடகத்தில் வசனத்தை மறந்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையன் தள்ளிவிட்டான் என்று மேடையிலேயே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சொந்தக்காரர்கள் வந்தால் உன்னை அதைத் திரும்ப நடித்துக் காட்டச் சொல்வேன். இப்போது அது சிரிப்பாக இல்லை.

நீ போன பிறகு என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். நான் தலைமையாசிரியரிடமும் அலுவலகத்திலும் நடையாய் நடந்து, அந்தக் குழுவைத் திரும்ப ஆரம்பிக்கவைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை ஒரு தெரபிஸ்ட் அம்மா வந்து என்ன செய்யவேண்டும், எந்தப் பிள்ளைக்கு எது கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். மற்ற வியாழக்கிழமைகளில் நான் நடத்தவேண்டும். இந்த வயதில், முட்டி வலியோடு தரையில். உன்னைவிட மோசமாக ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி போகுமா? வட்டத்தை வகுப்பாக்கிவிட்டேன். "கைய கட்டு, வாய்ல விரல் வை" என்றேன். ஒரு பிள்ளை பொத்தான் போட முக்கிக்கொண்டிருந்தால் பொறுக்காமல் நானே போட்டுவிடுவேன். அந்த அம்மா, "டீச்சர், நீங்க போட்டா உங்க கைக்குத்தான் பயிற்சி" என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. மணி சத்தத்துக்கு மேசைக்கடியில் போகிற பையனை இழுத்து வெளியே கொண்டுவருவதா, அவனுக்குப் பக்கத்தில் நானும் குனிந்து உட்காருவதா என்று தெரியாமல் ஒரு வாரம் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். கடைசியில் மற்ற பிள்ளைகளே ஒரு போர்வையைக் கொண்டுவந்து அந்த மேசைமேல் போட்டார்கள். அவன் உள்ளேயிருந்தபடியே பாட்டுக்குக் கைதட்டினான். நீ சொன்னது சரிதான், அதுகள் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். உன்னிடமிருந்து நான் கற்றது அது ஒன்று. வேறு யாரிடமாவது கற்றிருந்தால் இப்படிக் கசந்திருக்காது.

குழல் உருட்டுவதில்லை. இப்போது சப்பாத்தி மாவு உருட்டுகிறோம், துவைத்த துணியை இரண்டு பேராகப் பிழிகிறோம், பூசணிக்காயைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகிறோம். வட்டத்தில் ஒரு இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது. நெருக்கி அடைக்கவில்லை. பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். "பேச்சி எப்ப வருவா டீச்சர்?" என்று ஒவ்வொரு வாரமும் யாராவது ஒன்று கேட்கும். புதிதாக வந்த பிள்ளைகள்கூட, அவளைப் பார்த்ததே இல்லாதவை, கேட்கின்றன.

அதைத் தாங்கமாட்டாமல்தான் சங்கரேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது மக்காச்சோளக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறாள். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலம் போனபோது கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர், இங்கன உக்காருங்க. காப்பி குடிச்சீகளா?" என்றாள். குரலில் ஒரு குறையும் இல்லை. பேச்சி கதவோரம் நின்றாள். இடது கை பாவாடைக்குள் இருந்தது. ஜெபா, மறுபடியும் பாவாடைக்குள் இருந்தது. உன் ஹாலில் கைதட்டியவர்களுக்கு இதையும் காட்டியிருக்கலாம் இல்லையா?

"பிள்ளைய அனுப்பும்மா. நான்தான் குரூப்ப பாத்துக்கிடுதேன்" என்றேன். காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்தாள். "டீச்சர், நீங்க அன்னைக்கு உள்ள பேசுனது எனக்கு வாசல்ல கேட்டுச்சு. அதுனாலதான் உங்கள வீட்டுக்குள்ள கூப்பிட்டேன். ஆனா எம் பிள்ளையக் கேக்காதீக. தெருவுல போனா, பிள்ளைய வச்சு வேலை பாத்தவன்னு இன்னும் பேசுதாக. எம் மாமியாவே கேட்டாக. எம் புருசன முழுங்குன வேலைய எம் பிள்ளைக்கு நான் பழக்குவனா?" என்றாள். உனக்காக மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை ஆட்டி மறுத்துவிட்டாள். "நீங்க கேட்டு என்ன செய்ய? அம்புட்டுப் பேரு முன்னாடி உங்க மகன் எம் மூஞ்சில கரியப் பூசிட்டுப் போனாக. அதே மாதிரி நாலு பேரு இருக்கையில வந்து, நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே பேச்சிய அனுப்புதேன்." பணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

இப்போது உனக்குக் கல்யாணம். அறிவுரை சொல்லவேண்டியது பெற்றவள் கடமை என்பார்கள். உனக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, நீ வியாழக்கிழமைகளில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன். வரப்போகிற பெண் எதையாவது செய்ய முக்கிக்கொண்டிருந்தால் அவசரப்பட்டு நீ செய்துகொடுக்காதே. எல்லாவற்றுக்கும் நடுவில் நீயே நிற்காதே. வீட்டில் ஏதாவது உடைந்தால், யார் உடைத்தது என்று கேட்பதற்கு முன்னால் நான்தான் என்று சொல்லப் பழகு. அந்தப் பெண் போனில் என்னோடு அன்பாகப் பேசுகிறாள், 'அத்தை அத்தை' என்று உயிரை விடுகிறாள். பேச்சியின் கதை அவளுக்கு எது வரைக்கும் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லியிருப்பாய், கைதட்டு வரைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஆராதனை நடுவில், உன் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஐயர் சொன்னபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பயப்படாதே, நான் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு எனக்கு ஆட்சேபனை இல்லை. கோயில் முடிந்ததும் பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போய், சங்கரேஸ்வரிக்குப் பத்திரிகை வைத்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, முறையாக. அவள் பத்திரிகையை வாங்கி, உன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "நான் வந்தா உங்க வீட்டு ஆளுகளுக்குச் சங்கடமா இருக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பேச்சிக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தேன், முன்பக்கம் பொத்தான் வைத்தது.

விருதுநகர் மண்டபத்தில் முதல் வரிசையில் எனக்குப் போட்டிருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் அவர்கள் இரண்டு பேரும் உட்காருவார்கள். வாழ்த்துரை எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை நன்றி சொல்லவேண்டும் என்று மைக்கை உன் கையில் கொடுப்பார்கள். அது நம் பக்கத்து வழக்கம், அதை யாரும் மாற்றப்போவதில்லை. நாலு பேர் என்ன, சொந்தபந்தம், சபையார், என் பள்ளி ஆசிரியர்கள், தலைமையாசிரியர் எல்லோரும் இருப்பார்கள். எனக்கு, அப்பாவுக்கு, ஐயருக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் நீ சொல்லவேண்டியது என்னவென்று உனக்குத் தெரியும். திடீரென்று மாட்டிவிட்டாள் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது. அதனால்தான் முன்கூட்டியே, ஊரறிய எழுதுகிறேன். நீ சொன்னால் அடுத்த வியாழக்கிழமை அந்தக் காலி இடத்தில் பேச்சி உட்காருவாள். நீ சொல்லாவிட்டால், அவர்கள் எழுந்து போகும்போது நானும் அவர்களோடு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். உன் கல்யாணப் பந்தியில் என் இலை காலியாகவே இருக்கட்டும். அதை நெருக்கி அடைத்துவிடாதே. அம்மா எங்கே என்று யாராவது கேட்பார்கள். அப்போதாவது நீ உண்மையைச் சொல்லவேண்டி வரும்.

பார்த்துவிட்டேன். சொல்லிவிட்டேன்.

அம்மா